பதினோராம் கட்டம்

படிவம் மூன்று பிரதி, நீல மை மட்டும்
என்று சொல்லிவிட்டு
லோஹனி ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டார்.
முன்சியாரி தாசில் அலுவலகத்தில் ஜனவரி.
தகரக் கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிற சத்தம்,
யாரோ உள்ளே வரத் தயங்குவது போல.

பெயர்: ஹீரா மர்தோலியா.
தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம்:
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
ஆடு முட்டியது என்று எழுதத் தேவையில்லை.
பத்தாம் கட்டம் வரை மடமடவென்று போனது.

பதினொன்று:
இதற்குமுன் எங்கேனும் வேலை பார்த்ததுண்டா?
நிறுவனம். பதவி. எந்தத் தேதி முதல், எதுவரை.
விலகிய காரணம்.

காரணத்துக்கு விட்டிருக்கும் இடம்
ஒரு தீப்பெட்டி அகலம்.

"இல்லைன்னு போடு" என்கிறார் லோஹனி.
கெட்ட மனுஷர் இல்லை.
"தனியார் கம்பெனி, பத்து மாசம்,
பி.எஃப். கூடப் பிடிக்கலை, யார் தேடப்போறாங்க?
எழுதினா விடுவிப்புக் கடிதம் கேப்பான்.
கடிதம் இல்லேன்னா விளக்கம் கேப்பான்.
விளக்கம் கொடுத்தா கோப்பு பித்தோராகட் போகும்.
பனிக்காலத்துல அங்க போன கோப்பு எதுவும்
திரும்பி வந்து நான் பாத்ததில்லை."

மூன்று இடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுதிய பரீட்சை.
அண்ணி ஏற்கெனவே இனிப்பு பங்கிட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான்:
கோரி ஆற்றில் மின்சாரம் எடுக்க வந்தவர்களுக்கு
நான் கள உதவியாளர்.
பேச்சு தெரியும், வீடுகள் தெரியும்,
எந்த வாசலில் நாய் கட்டாமல் கிடக்கும் என்று தெரியும்.
ஊதா மைப்பெட்டியோடு படியேறினேன்.
கணக்கெடுப்பு என்றார்கள் என்னிடம்.
கணக்கெடுப்பு என்றேன் நான், அவர்களிடம்.
மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு
பானுலி கட்டைவிரலை நீட்டினாள்.
நானே பிடித்து உருட்டினேன்
இடமிருந்து வலம், ரேகை சிதையாமல்.
அதில் எனக்கு நல்ல பெயர்.
கீழே, சாட்சி என்ற இடத்தில்
என் கையெழுத்து.

செப்டம்பரில் நகல் மெஷினில் ஒரு தாள் சிக்கியது.
பிடித்து இழுக்கும்போதுதான்
ஐந்தாம் பக்கத்தைப் படித்தேன்:
ஆற்றோர நிலத்தை ஒப்படைக்க
முழுச் சம்மதம்.
நாற்பத்தேழு கைநாட்டு.
நாற்பத்தேழு தடவை நான்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும்.
ராஜினாமா என்று ஒன்றும் எழுதவில்லை.
போன் அடித்தது, அப்புறம் ஓய்ந்தது.
பானுலியிடம் போய்ச் சொன்னேனா என்றால்,
இல்லை.
அவள் வீட்டுப் பாதையை விட்டு
மேல்பாதை வழியாகக் கடைக்குப் போகப் பழகினேன்.
அவ்வளவுதான் என் வீரம்.

சொந்தக் காரணம் என்று எழுதலாம்.
பொய்யில்லை.
எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் கிடைத்திருக்கும் வேலை
நில ஆவண உதவியாளர்.
லோஹனியின் முதுகுக்குப் பின்னால் பச்சை பீரோ.
அந்தக் கட்டு அதற்குள் இருக்கிறது.
கதவு சரியாகச் சாத்தவில்லை,
சிவப்பு நாடா ஒன்று நாக்கு மாதிரி
வெளியே தொங்குகிறது.
நாளைக்கு யாராவது ஆட்சேபம் என்று வந்தால்
சாட்சியைத் தேடுவார்கள்.
சாட்சி இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு
அடுத்த வாரம் வாருங்கள் என்பாள்.

கடைசிப் பக்கம்:
மாதிரிக் கையெழுத்து, மூன்று.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
நேற்றிரவு போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு
புதுக் கையெழுத்து ஒன்று பழகினேன்.
வால் சுழிக்காமல், நேராக,
வேறொருத்தியுடையது போல.
இரண்டு பக்கம் நிரம்பியது.
அழகாகக்கூட இருந்தது.

இப்போது
பேனா தானாகவே பழைய சுழிக்குத் திரும்பியது என்றால்
கேட்க நன்றாயிருக்கும்.
அப்படியில்லை. கை புதியதற்குத்தான் போனது.
பிடித்துத் திருப்பினேன்,
பானுலியின் விரலை உருட்டியது போல.
மூன்று தடவையும்.

பிறகு பதினொன்றுக்கு வந்தேன்.
கம்பெனி பெயர். கள உதவியாளர்.
டிசம்பர் முதல் செப்டம்பர் வரை.
காரணம்: இணைப்பைக் காண்க.

லோஹனி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இணைப்பு எங்கே?"
தாள் வேண்டும் என்றேன்.
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
இழுப்பறையைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டு
ஒரு தாள் உருவினார்.

ஒன்று போதாது என்றேன்.